கயிற்றின் மறுமுனை

விசிறிச் சத்தம் இல்லை என்பதுதான் அவனுக்கு முதலில் உறைத்தது. காலையிலிருந்து காதைக் குடைந்துகொண்டிருந்த அந்த இரைச்சல் எப்போது நின்றது? டாங்கியின் வட்ட வாயிலிருந்து எழும்பிய புளித்த சர்க்கரைப்பாகு வாடை, வெயிலில் காய்ந்த இரும்பின் வாடையோடு கலந்து, தொண்டையில் பிசின் மாதிரி ஒட்டியது. காலடியில் கிடந்த ஏணி நிழல், இப்போது எதிர்ச்சுவரில் ஏறி நின்றது.

தூங்கிவிட்டானா?

டாங்கிக்குள் மாமா இருந்தார், அக்காவின் வீட்டுக்காரர். இறங்கிக் கழுவுகிறவர் இடுப்பில் கயிற்றின் ஒரு முனை; வெளியே காவல் உட்கார்ந்திருப்பவன் கையில் மறுமுனை. இவன் இரண்டு தடவை இழுத்தால் அவரும் இரண்டு தடவை இழுப்பார். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். நல்ல காற்றை உள்ளே தள்ளும் விசிறி நின்றுபோனால், உடனே கத்தி ஆளை மேலே தூக்க வேண்டும். அவன் வேலையே அவ்வளவுதான்.

இறங்கும்போதுகூட மாமா சிரித்தார். "என்ன மாப்ளே, கண்ணு சொக்குது? ராத்திரி யார் வீட்டுக்குக் காவல் போனே?"

"ஒண்ணுமில்ல மாமா, நீங்க இறங்குங்க."

"பார்த்துடா. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்கக்கா உன் தோலை உரிச்சுடுவா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மனசுக்குச் சாப்பிடும் மாத்திரையை டாக்டரம்மா போன வாரம்தான் மாற்றியிருந்தார். "நல்ல மருந்துதான் தம்பி, நீங்களா நிறுத்திடாதீங்க. பழகுற வரைக்கும் தூக்கம் அசத்தும். மேஸ்திரிகிட்ட சொல்லி, ஆபத்தில்லாத வேலையா கேளுங்க." கேட்டால் மேஸ்திரி கொடுத்திருப்பார். ஆனால் பைத்தியம் என்று பேர் வைத்துவிடுவார்களே. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து, பாவி, வாயை மூடிக்கொண்டான்.

கயிற்றை இழுத்தான். இரண்டு தடவை.

பதில் வந்தது. இரண்டு தடவை.

அப்பாடா!

"மாமா, ஃபேன் நின்னுடுச்சு, மேல வாங்க!"

குரல் இல்லை. கயிறு மட்டும் மறுபடி இழுத்தது. அவன் கேட்காமலே.

அலறினான். ஆட்கள் ஓடி வந்தார்கள். முகமூடி மாட்டிய ஒருவர் இறங்கி, இடுப்புக் கயிற்றை உள்ளேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு, மாமாவை வேறொரு கயிற்றின் கொக்கியில் மாட்டி மேலே அனுப்பினார். பின்னாலேயே தானும் ஏறி வந்தார். மாமாவைத் தரையில் கிடத்தினார்கள். திறந்த கண்களில் பாகு ஒட்டியிருந்தது.

மேஸ்திரி கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "சில்லுன்னு கிடக்காரே. உயிர் போய் ரொம்ப நேரம் ஆச்சு. ஏண்டா, நீ என்னடா பண்ணிட்டிருந்தே?"

"இப்பகூட... இழுத்தாரே..."

அக்காவுக்கு யார் சொல்வது?

கயிறு இன்னும் அவன் கையில்தான் இருந்தது. உள்ளே யாருமில்லை. எல்லாரும் வெளியே.

ஒரு இழுப்பு.

இன்னொன்று.

விட்டுவிடலாம். விரல்கள் விடவில்லை. ஒரு தடவை பதில் சொல்லாமல் தூங்கிய கை அது. தானாகவே இழுத்தது. இரண்டு தடவை.

கயிறு விறைத்தது. கனத்தது. பிடிக்குமேல் பிடியாக, மெதுவாக, யாரோ ஏறி வந்தார்கள்.

வட்ட வாயின் விளிம்பில், பாகு சொட்டச் சொட்ட, ஒரு கை.