ஆளவந்தாரின் ஐந்து நட்சத்திரம்

சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகளைக் கழுவி அடுக்கியதும், எல்லோரும் இடது மணிக்கட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமை என்றால் கனிமீடில் அதுதான் வழக்கம். வியாழனைச் சுற்றும் அந்தப் பெரிய நிலாவில், பனிக்கட்டியைக் குடைந்து கட்டிய குடியிருப்பில், முந்நூறு சொச்சம் தமிழர்கள் தண்ணீர் எடுத்து விற்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்தார்கள். அங்கே சூரியன் என்பது கொஞ்சம் பெரிய நட்சத்திரம், அவ்வளவுதான். வெயில் படாத உடம்பில் மனம் சீக்கிரம் வாடிவிடுகிறது, வாடினால் வேலை கெடுகிறது என்று கண்டுகொண்ட கம்பெனி, வந்து இறங்கிய ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு மனச்சமனியைப் பதித்துவிட்டது. அதில் மருந்துக் குப்பியைச் செருகினால் போதும். இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து அதுவே அளந்து விடும்.

மனச்சமனிக்கு இன்னொரு வசதியும் உண்டு. பகிர்நாண் என்கிற மெல்லிய கம்பியை ஒருவர் மணிக்கட்டிலிருந்து இன்னொருவர் மணிக்கட்டுக்கு மாட்டினால், அந்த மருந்தோடு அவர் மனம் எப்படி இருக்கிறது என்பதை இவர் இரண்டு நிமிடம் அனுபவித்துப் பார்க்கலாம். மருத்துவர்களுக்காகச் செய்த வசதி அது. நம் ஆட்கள் கையில் கிடைத்த எதைச் சும்மா விட்டார்கள்? பக்கத்து வீட்டுக் குழம்பை ருசி பார்ப்பதுபோல ஆளுக்கு ஆள் மருந்தை ருசி பார்த்து, ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று கூடத்துப் பலகையில் போட ஆரம்பித்துவிட்டார்கள். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பது போய், “உங்களுக்கு என்ன ஓடுது?” என்று கேட்பதே மரியாதை என்றாகிவிட்டது.

“எனக்கு இதமால் ஓடுதுங்க. தூக்கம் பிரமாதம். ஆனா இடுப்புதான் ரெண்டு சுத்து பெருத்துப்போச்சு.”

“தூக்கமா? அதே இதமால் போட்டு எனக்கு ராத்திரி பூரா கண்ணு கொட்டக் கொட்ட முழிப்பு. பேசாம சாந்தரினுக்கு மாறிடுங்க.”

“சாந்தரின்ல சிரிப்பு வரும், அழுகை வராது. எங்க மாமியார் தவறின சேதி வந்தப்போ திருதிருன்னு முழிச்சிட்டு நின்னேன். ஊரே என்னைப் பேசுச்சு.”

இப்படி ஓடிக்கொண்டிருந்த பேச்சில் கலந்துகொள்ளாமல், கையை மடியில் புதைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள் சுடர்க்கொடி. பனி உருக்கும் ஆலையில் குழாய்களைப் பராமரிப்பவள். அவளுக்கு ஓடுவது துலக்கின். முந்நூறு சொச்சம் பேரில் அவள் ஒருத்திக்குத்தான் அது.

துலக்கினுக்கு அவள் ஒன்றும் ஆசைப்பட்டுப் போகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் படுத்தவள், எழுந்திருக்கக் காரணம் கிடைக்காமல் படுத்தே கிடந்தாள். இதமால் அவளைத் தூங்க வைத்தது. விழித்ததும் அதே இருட்டு. சாந்தரின் மனதைச் சுற்றிப் பஞ்சு வைத்து அடைத்தது. மூன்றாவதாக வந்த துலக்கின் வாயில் துருப்பிடித்த ஆணியின் சுவையைக் கொண்டுவந்தது, காலையில் விரல்களை நடுங்க வைத்தது, ஐந்து வாரம் ஒரு பலனும் காட்டவில்லை. ஆறாவது வாரம் அவள் எழுந்து குளித்தாள். ஆலைக்குப் போனாள். யாரோ ஒரு வால்வைச் சரியாக மூடாமல் போயிருந்ததைப் பார்த்து அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒரு வருடத்தில் அவள் மனதில் வந்த முதல் உணர்ச்சி அதுதான். கோபம் வந்துவிட்ட சந்தோஷத்தில் அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. மருந்து அவளைச் சிடுமூஞ்சி ஆக்கிவிட்டதாம். பக்கத்து அறை நசீமா ஒருமுறை ருசி பார்த்துவிட்டு, “சீ! இதை எப்படிடி சகிச்சுக்கிறே?” என்று பகிர்நாணை உருவி எறிந்தாள். பலகையில் ஒரு நட்சத்திரம் விழுந்தது.

“அக்கா, இது இல்லாம நான் எப்படி இருந்தேன்னு தெரிஞ்சா இப்படிச் சொல்லமாட்டே.”

“அதெல்லாம் எதுக்குடி கிளறிக்கிட்டு? நல்லதையே நினை.”

அந்த ஒரு நட்சத்திரம்தான் இப்போது அவள் கழுத்தில் கத்தியாக நின்றது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் சரக்குக் கலத்தின் குளிர்பெட்டியில் இனிமேல் ஒரே வகை மருந்துக்குத்தான் இடம் என்று கம்பெனி அறிவித்திருந்தது. எது என்பதை மக்களே நட்சத்திரம் போட்டு முடிவு செய்யலாமாம். என்ன ஒரு பெருந்தன்மை! குடியிருப்பின் மருத்துவ இயந்திரனான வைத்தி மட்டும், மூளைக்கு மூளை வேறு, ஒருவர் மருந்து இன்னொருவருக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தது. வைத்தியின் அபிப்பிராயத்துக்குப் பலகையில் இடம் இல்லை. சாந்தரின் வென்றால், கைவசம் இருக்கும் துலக்கின் தீர்ந்ததும் சுடர்க்கொடி மறுபடி அந்தப் படுக்கைக்குப் போகவேண்டியதுதான்.

சாந்தரின் வெல்லும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காரணம் ஆளவந்தார். காற்றுப் பிரிவின் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் முன் எழுந்து நடைக்கூடத்தில் கைவீசி நடப்பார், எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் பெயர் சொல்லி விசாரிப்பார், சாப்பிட்டு முடித்துத் திருப்தியாக ஏப்பம் விடுவார். அவருக்கு ஓடியது சாந்தரின். அவரை ருசி பார்க்க ஒவ்வொரு வெள்ளியும் வரிசை நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள்.

“ஏம்மா சுடரு, ஒருதரம் என்னைப் பாரேன். சாந்தரின் உனக்குக் கேக்கலைன்னா நீ சரியா எடுத்துக்கலைன்னு அர்த்தம். நானும் வந்த நாள்லேர்ந்து போடறேன், ஒரு குறை உண்டா? எல்லாம் மனசுதான்மா. காலையில என்கூட நடக்க வாயேன்.”

அவள் படுத்துக் கிடந்த காலத்திலும் இதையேதான் கதவருகே நின்று சொன்னார். அன்று பதில் சொல்லத் தெம்பில்லை. இன்று தெம்பு இருந்தது. கடைசி ஓட்டெடுப்பு நடக்கிற வெள்ளி அது. சுடர்க்கொடி விறுவிறுவென்று போய் வரிசையில் நின்றாள்.

பகிர்நாண் மாட்டியதும் ஆளவந்தாரின் மனம் அவளுக்குள் வந்தது. அடடா, எவ்வளவு லேசாக இருந்தது! சாப்பாடு நன்றாக இருந்தது, நாளைக்கும் நன்றாக இருக்கும், இந்த உலகத்தில் கவலைப்பட என்ன இருக்கிறது? அந்த இரண்டு நிமிடமும் அவளுக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. சாந்தரினை அவள் அனுபவித்திருக்கிறாள். அந்தப் பஞ்சு எங்கே? குனிந்து அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். குப்பியின் அடியிலிருந்து சிவப்புத் தாள் ஒன்று நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. செருகுவதற்கு முன் உரித்து எறிய வேண்டிய தாள் அது. அதை உரிக்காவிட்டால் ஒரு சொட்டு மருந்துகூட வெளியே வராது.

“சார், இந்தத் தாளை உரிக்கவே இல்லையா?”

“அதையா? உரிச்சா கீறல் விழுந்துடும்மா. புதுசு கலையாம இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். ஊர்ல எங்க வீட்டு ரிமோட்டே பத்து வருஷம் கவரோடதான் இருந்துச்சு.”

“குப்பி தீரவே இல்லையேன்னு தோணலையா உங்களுக்கு?”

“நான் எதையும் சிக்கனமா வெச்சுக்கிற ஆளும்மா.”

சுடர்க்கொடி மேஜை மேல் ஏறி நின்றுவிட்டாள். “எல்லாரும் கேளுங்க! சார் உடம்புல சாந்தரின் ஒரு சொட்டு போகலை. வந்த நாள்லேர்ந்து போகலை! இவருக்கு நோயே கிடையாது. நோயே இல்லாத ஆளை ருசி பார்த்துட்டு மருந்துக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கோம்!”

வைத்தி வந்து குப்பியை உருவிப் பார்த்து, நிறைந்திருக்கிறது என்றது. இப்போதாவது புத்தி வரும் என்று சுடர்க்கொடி மூச்சு விட்டாள். முதலில் நசீமாதான் வாயைத் திறந்தாள்.

“அப்போ மருந்தே இல்லாமலா இவ்வளவு நல்லா இருக்கார்?”

“அதானே! அப்புறம் நமக்கு மட்டும் மருந்து எதுக்கு?”

“பெட்டியில இடம் மிச்சமாகும். மாவடு கேட்கலாம், நார்த்தங்காய் கேட்கலாம்.”

“காலையில எல்லாரும் சாரோட நடந்தாப் போச்சு!”

பலகையில் புதிதாக ஒரு வரி முளைத்தது: மருந்தே வேண்டாம். அதன் எதிரில் நட்சத்திரங்கள் மளமளவென்று விழுந்தன. ஆளவந்தார் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு எல்லோருக்கும் கும்பிடு போட்டார். சுடர்க்கொடிக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றி எரிந்தது. இந்த ஜனங்களுக்கு உண்மையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாலும் அதைக் கொண்டே அவள் தலையில் போடுகிறார்களே! மேஜையிலிருந்து இறங்கி நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

“சார், மனச்சமனியில என் அடிநிலைப் பதிவு இருக்கு. மருந்துக்கு முன்னால நான் எப்படி இருந்தேன்கிறது அதுல இருக்கு. டாக்டர்களைத் தவிர யாரும் அதைத் தொடறதில்லை. மத்த ருசி மாதிரி ரெண்டு நிமிஷத்துல போகாது, மண்டையில ரெண்டு மூணு நாள் தங்கிடும். அதைப் பார்க்கிறீங்களா? பார்த்துட்டு, எல்லாம் மனசுதான்னு மறுபடி சொல்லுங்க, நான் மருந்தை விட்டுடறேன்.”

“குடும்மா. அதுல என்ன பெருசா இருந்துடப் போகுது? காற்றுப் பிரிவுல நான் பார்க்காத சங்கடமா?”

நாணை மாட்டினாள். வீறிட்டு அலறுவார் என்று சுற்றி நின்றவர்கள் பயந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. நசீமா பாயசக் கிண்ணத்தை நீட்டினாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “எதுக்கு?” என்றார். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார்கள். அதற்கும் “எதுக்கு?” என்றார். எல்லோரும் கலைந்த பிறகும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள்.

அவரைப் பார்த்தபோது சுடர்க்கொடிக்கு நெஞ்சு பதைத்தது உண்மைதான். ஆனால் அடுத்த நாள் அவர் கதவு வாசலைப் பார்த்ததும் அந்தப் பதைப்பு போன இடம் தெரியவில்லை. ரசம், கஞ்சி, தயிர்சாதம் என்று தூக்குகள் வரிசையாக நின்றன. ஆள் மாற்றி ஆள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நடக்கப் போங்கள் என்று ஒருவர்கூட அவரிடம் சொல்லவில்லை. நல்லதையே நினையுங்கள் என்று சொல்லவில்லை. “நேத்து வரைக்கும் எப்படிச் சிரிச்சிட்டிருந்த மனுஷன்! இது நோய்தான், வேற என்ன?” என்றாள் நசீமா, சுடர்க்கொடியிடமே. ஒரு வருடம் ஒரே ஒரு சுவருக்கு அப்பால் படுத்துக் கிடந்தவளிடம்!

ஓட்டெடுப்பை ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். வைத்தியைப் பிடித்து, உடனே நல்ல மருந்தாகப் போடு என்று நெருக்கினார்கள். அவர் தலையில் இருந்தது சுடர்க்கொடியின் நோய் என்பதால், அதற்கு உரிய மருந்தை விதிப்படி எடுத்தது வைத்தி: துலக்கின். தாளை உரித்துச் செருகியது. மூன்றாம் நாள் ஆளவந்தார் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். நான்காம் நாள் கைவீசி நடந்தார்.

“வைத்தி, துலக்கின் வேலை செய்ய ஆறு வாரம் ஆகும்னு உனக்குத் தெரியும். அந்தப் பதிவு தானா கரைஞ்சிருக்கு. அவ்வளவுதானே?” என்றாள் சுடர்க்கொடி.

“அவ்வளவுதான்.”

“அதை அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“கேட்டால் சொல்வேன். யாரும் கேட்கவில்லை.”

அடுத்த வெள்ளி ஆளவந்தார் கூடத்தில் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் செத்துப் பிழைச்சிருக்கேங்க. என்னைத் தூக்கி நிறுத்தினது துலக்கின். வாய் கசக்கும், கை லேசா நடுங்கும். மருந்துன்னா அப்படித்தான் இருக்கும், அதுவே அது வேலை செய்யறதுக்கு அடையாளம். நான் அனுபவத்துல சொல்றேன்.” பேசி முடிக்கும் முன்பே அவர் முன்னால் வரிசை நின்றுவிட்டது. நாணை மாட்டிப் பார்த்தவர்கள் துருச்சுவையில் முகம் சுளித்து, “அடேங்கப்பா, என்ன வீரியம்!” என்று பலகைக்கு ஓடினார்கள். நசீமா ஐந்து நட்சத்திரம் போட்டாள். இதமாலில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் போட்டார்கள். இனி அவர்கள் பாடு என்ன என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த சுடர்க்கொடிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இந்த மருந்தோடு வாழ்கிறவள் வாய் வலிக்கச் சொன்னபோது விழுந்தது ஒற்றை நட்சத்திரம். ஒரு வாரம் செருகி வைத்திருந்தவர் சொன்னதும் ஊரே சாய்கிறது. எழுந்து நின்று கத்த வாய் துடித்தது. போன வாரம் உண்மையைச் சொன்னதில் நடந்தது நினைவுக்கு வந்தது. பலகையில் எண்ணிக்கை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆளவந்தார் அவளிடம் வந்தார். அன்போடு தோளில் தட்டினார்.

“உன்மேல எனக்கு வருத்தமே இல்லம்மா. உன்னால ஒரு நல்ல மருந்து ஊருக்குக் கிடைச்சுது. நீயும் இந்தத் துலக்கினைக் கொஞ்ச நாள் எடுத்துப் பாரேன். ஆரம்பத்துல கசக்கும், விட்டுடாதே. இந்தக் கோபமெல்லாம் பறந்துடும்.”

சுடர்க்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு பலகையைப் பார்த்தாள். எண்ணிக்கை முடிய இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் பாக்கி இருந்தார்கள்.

“சரிங்க சார். எடுத்துப் பார்க்கிறேன்” என்றாள்.