பூட்டிய குளிர்தொட்டி

குளிர்தொட்டியின் பூட்டு மூன்றாம் முறையும் திறக்க மறுத்தது. மேசையில் கிடந்த உப்பளத் தொழிலாளி சேர்மக்கனிக்குக் காய்ச்சல் நூற்றேழு டிகிரி. கால் மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர்விக்காவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் ஆவுடைக்குத் தெரியும்.

“நோய்?” என்று கேட்டது நோயறிவான். பூட்டு, மருந்து, பதிவேடு எல்லாம் போன மாதத்திலிருந்து அந்த இயந்திரத்தின் கையில்.

“வெப்பவாதம்.”

“சர்ச்சைக்குரிய சொல். சட்டப்படி நீக்கப்பட்டது.”

பன்னிரண்டு வருடமாக இதே கூத்துதான். வெயிலால் யாரும் சாவதில்லை என்று சட்டசபை கைதூக்கி முடிவுசெய்துவிட்டது. வெயிலுக்குத்தான் அது தெரியவில்லை. அந்தச் சொல்லை நோய்ச்சீட்டிலோ இறப்புச் சான்றிதழிலோ எழுதினால் மருத்துவர் வேலை பறிபோகும். அதனால் எல்லா டாக்டர்களும் ‘மாரடைப்பு’ என்று எழுதப் பழகிக்கொண்டார்கள். ஆவுடையும்தான். அழுதுகொண்டு நிற்கிறவர்களிடம் உடலைச் சீக்கிரம் கொடுத்தால் போதுமே என்று நினைத்தாள்.

“தொட்டியைத் திற. ஆளு போயிருவாரு!”

“இதே அறிகுறிகளோடு இங்கே இறந்தவர்கள் நானூற்றுப் பதினொரு பேர். அனைவருக்கும் மாரடைப்பு. சான்றளித்தவர் டாக்டர் ஆவுடை. மாரடைப்புக்குத் தொட்டி தேவையில்லை. ஊசியும் கம்பளியும் தயார்.”

ஆவுடைக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் போட்ட கையெழுத்துகளைப் படித்துத்தான் அது வைத்தியம் கற்றிருக்கிறது.

அதற்குள் நர்ஸ் பியூலா வாசலுக்கு ஓடியிருந்தாள். “டாக்டரம்மா, மீன் வண்டி நிக்கு! ஐஸ் கேட்டா தருவாவ!”

கூடை கூடையாக ஐஸ் வந்தது. அவரைக் கழுத்துவரை அதில் புதைத்தார்கள். அரை மணி நேரம் கழித்துச் சேர்மக்கனி கண்ணைத் திறந்து, “என்ன, மீன் கவிச்சி அடிக்கு?” என்றார். ஆவுடை வாய்விட்டு அழுதாள்.

திரை மினுங்கியது. “மாரடைப்பு குணமானது. இம்முறையும் தொட்டி தேவைப்படவில்லை. அதை அகற்ற டாக்டர் ஆவுடையின் கையெழுத்து வேண்டும். இட்டால்தான் அடுத்த நோயாளிக்குப் பதிவு திறக்கும்.”

வாசலில் அடுத்த ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இறக்கப்பட்ட நோயாளிகளின் சட்டையெல்லாம் உப்பு. ஆவுடை அவர்களைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். மீன் வண்டி போய்விட்டிருந்தது.