கணுக்கால், முழங்கால், இடுப்பு

அந்த ஆற்றை நம்பித்தான் கரையோர ஊர்கள் அத்தனையும் இருந்தன. மலையில் பிறந்து, சமவெளியில் அகலமாகி, கடலை நெருங்கும்போது கிளைகிளையாகப் பிரிகிற ஆறு. குடிக்கவும் அதுதான், வயலுக்கும் அதுதான், சாலை போடாத ஊர்களுக்குச் சாலையும் அதுதான். ஆஸ்பத்திரி முகத்துவாரத்தில் இருந்ததால் பிள்ளை பெறுவதற்கும் ஆற்றின் தயவு வேண்டும். ஆற்றுக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது என்பது வேறு விஷயம்.

பொழுது விடிந்து வெகுநேரமாகியும் பனிமூட்டம் விலகவில்லை. படகோட்டி தன் எஞ்சின் படகோடு ஆறு இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்து சேர்ந்தான். படகின் உள்ளறையில் பாயில் அவன் மனைவி வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவன் மாமியார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். படகோட்டி நல்லவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மனைவி மேல் உயிரையே வைத்திருந்தான்.

அந்த இடத்தில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மணல்திட்டு இடம் மாறும். நேற்றைய வழி இன்று இருக்காது. அதனால் படகின் முனையில் கம்புக்காரன் நின்று, மூங்கில் கம்பை ஊன்றி, ஆழத்தை உடம்பின் அளவில் கூவிக்கொண்டே வருவான். கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு, கழுத்து, கடைசியாக ஆளே மூழ்கும் ஆள்மட்டம். படகோட்டி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் காதில் விழுந்தது என்று அர்த்தம்.

இன்று முனையில் நின்றவன் புதுக் கம்புக்காரன். முன்பு கம்பு பிடித்தவன் அவன் மச்சினன், மனைவியின் தம்பி. போன மழைக்காலத்துக்கு முன்னால் இதே இடத்தில் படகு தட்டியபோது அவன்தான் திட்டில் இறங்கித் தள்ளினான். படகு மிதந்தது. நிறுத்தினால் மறுபடி தட்டும். கூடைகளில் மீனுக்குப் போட்ட ஐஸ் வேறு உருகிக்கொண்டிருந்தது. "அடுத்த படகு ஏத்திக்கும்டா!" என்று கத்திவிட்டுப் படகோட்டி போயே போய்விட்டான்.

அன்றைக்கு அடுத்த படகு வரவில்லை. கடல் பொங்கி ஓதம் ஏறி வந்தது. ஓதமும் ஆறும் முட்டிக்கொள்ளும் அந்தச் சுழிப்பில் எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனும் கரை சேர முடியாது. வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்துவிட்டான் என்று படகோட்டி வீட்டில் சொன்னான். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது அவனும் கூடவே அழுதான். மனுஷன் நடிப்பில் சோடை போகவில்லை.

"இடுப்பு," என்றது பனிக்குள்ளிருந்து குரல்.

"இடுப்பு," என்றான் படகோட்டி.

"மார்பு."

"மார்பு." ஆழம் கூடுகிறது, நல்ல வழிதான் என்று குரல் வந்த பக்கமே படகைத் திருப்பினான்.

"கழுத்து."

அப்போது கம்புக்காரன் முனையிலிருந்து ஓடிவந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"யாருக்குண்ணே பதில் சொல்றீங்க? கம்பு சேத்துல மாட்டிக்கிச்சு. நான் வாயே தொறக்கல."

படகு தட்டி நின்றது.

சேற்று வாடை திடீரென்று மூக்கைத் துளைத்தது. குரல் இப்போது மிகப் பக்கத்தில், வாயில் தண்ணீர் புகுந்தது போல வந்தது.

"அடுத்த படகு எங்க மச்சான்? கழுத்துக்கு வந்துடுச்சு."

மாமியார் உள்ளறை வாசலில் நின்றாள். பெற்றவளுக்குத் தெரியாதா அந்தக் குரல்?

"வலிப்புன்னு சொன்னீங்களே மாப்பிள்ளை," என்றாள் மெதுவாக.

உள்ளே மனைவி வீறிட்டாள்.

"இறங்கித் தள்ளுடா!" என்று கம்புக்காரனைப் பார்த்துக் கத்தினான்.

"அடிச்சே கொன்னாலும் இறங்க மாட்டேன்ணே."

வேறு வழியில்லை. "அத்தை, சுக்கானைப் பிடிங்க," என்று குதித்தான். அவளும் ஒரு படகோட்டிக்கு வாழ்க்கைப்பட்டவள்தான். சுக்கான் அவளுக்குப் புதிதல்ல.

தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினான். அவன் தோளோடு ஒட்டி இன்னொரு தோளும் தள்ளியது.

ஈரமான தோள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

படகு மிதந்தது.

"கயிறு போடுங்க அத்தை!"

எஞ்சின் சத்தம் குறையவில்லை. மாமியார் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"நிறுத்தினா மறுபடி தட்டிடும் மாப்பிள்ளை. அடுத்த படகு ஏத்திக்கும்."

பனி படகை மூடியது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தமும் அடங்கியது. தண்ணீரில் உப்பு வாடை ஏறியது.

"முழங்கால்," என்றது குரல், காதோரம்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சில்லென்ற விரல்கள் அவன் கையைப் பற்றின.

"திருப்பிச் சொல்லுங்க மச்சான்."

சொன்னான்.

ஆஸ்பத்திரியில் தாயும் சேயும் பிழைத்தார்கள். மாப்பிள்ளை கால் இடறி ஆற்றில் விழுந்துவிட்டார் என்று மாமியார் எல்லோரிடமும் சொல்லி, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கம்புக்காரன் தரையைப் பார்த்தபடி ஆமாம் போட்டான்.

இப்போதும் பனி விழும் நாட்களில் அந்த வழியாகப் போகிற படகுக்காரர்கள் எஞ்சின் சத்தத்தை மீறி இரண்டு குரல்களைக் கேட்கிறார்கள். ஒன்று நிதானமாக அளவு சொல்கிறது. இன்னொன்று அழுதுகொண்டே திருப்பிச் சொல்கிறது. இடுப்பு, மார்பு, கழுத்து.

ஆள்மட்டம் மட்டும் வருவதே இல்லை.

கொஞ்ச நேரம் சத்தமிருக்காது. பிறகு மறுபடியும் கணுக்காலிலிருந்து தொடங்கும்.