தலைக்குப் பதில் கட்டைவிரல்

“மறுபடியும் தலையை ஆட்டிட்டியே, நெவேனா!”

ஒலிபெருக்கியில் ரலிட்சா அக்காவின் குரல் கேட்டது. ஸ்கேன் எந்திரத்துக்குள் படுத்திருந்த ஒன்பது வயது நெவேனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டாவது தடவையும் படம் கலங்கிவிட்டது.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளின் மூளைக்குள் பாதைகள் எப்படி வளர்கின்றன என்று அக்கா பல்கேரியாவின் வர்னா நகரில் ஆராய்கிறார். வருடத்துக்கு ஒன்றாக மூன்று படங்கள் வேண்டும். நெவேனாவுக்கு இது மூன்றாவது வருடப் படம். இது கெட்டால் முந்தைய இரண்டும் வீண்.

படம் எடுக்கும்போது, பிள்ளை பயப்படுமே என்று அக்கா கேட்பார்: “நல்லா இருக்கியாம்மா?” எந்தப் பல்கேரியப் பிள்ளைதான் சும்மா இருக்கும்? ‘ஆமாம்’ என்று தலை இடமும் வலமுமாக ஆடிவிடும். ‘இல்லை’ என்றால் மேலும் கீழும் போகும்; அந்த ஊர் வழக்கம் அப்படி. எப்படியானாலும் படம் போச்சு!

அக்கா அவளை வெளியே எடுத்தார். “இன்னும் ஒரு தடவைக்குத்தான் நேரம் இருக்கு. விட்டுடலாமா?”

“விடமாட்டேன்! என் தலை சொன்ன பேச்சு கேக்காது. அங்கேருந்து என் கால் தெரியுதா?”

“கண்ணாடி வழியா நல்லாத் தெரியுது.”

“அப்போ கட்டைவிரலை ஆட்டறேன். ஆமான்னா வலது, இல்லேன்னா இடது. பத்து நிமிஷம் பழகிட்டு வரேன்.”

வெளியே அப்பா காத்திருந்த பெஞ்சில் மல்லாந்து படுத்துக் காலுறையைக் கழற்றினாள். “அப்பா, கேள்வி கேளுங்க.”

“ஐஸ்கிரீம் வேணுமா?”

விரலும் ஆடியது, தலையும் ஆடியது.

“இவ்வளவு கஷ்டமான கேள்வியா முதல்லயே கேப்பாங்க?” என்று சிணுங்கினாள்.

“சரி, கணக்கு டீச்சரைப் பிடிக்குமா?”

இடது விரல் துள்ளியது. தலையும் கொஞ்சம் அசைந்தது.

“இன்னொண்ணு!” என்றாள். இருபது கேள்விகளுக்குப் பிறகுதான் தலை அடங்கியது.

மறுபடி உள்ளே படுத்ததும் எந்திரம் டமடமவென்று இடித்தது. மூக்கு அரித்தது. நெவேனா அசையவில்லை.

“நல்லா இருக்கியாம்மா?”

வலது கட்டைவிரல் மட்டும் ஆடியது.

ஒரு வாரம் கழித்து அக்கா மூன்று படங்களையும் திரையில் காட்டினார். “பாரு, நூல் மாதிரி இருந்த பாதை கயிறு மாதிரி ஆயிடுச்சு.”

“இந்தப் பாதையை யாரு போட்டது, அக்கா?”

“நீதான். தடுமாறித் தடுமாறி விடாம வாசிச்சியே!”

நெவேனா படங்களை மாறி மாறிப் பார்த்தாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.

“கிளம்பலாமா?” என்றார் அப்பா.

“இருங்கப்பா, ஒரு பக்கம் வாசிச்சுட்டு வரேன். ரோட்டு வேலை பாக்கி இருக்கு.”