மணிக்கட்டு உயரம்

நடைவழிக் கம்பி வெதுவெதுப்பாக இருந்தது. மழை பிடித்த சாயங்காலம், சுவரெல்லாம் சில்லென்று கிடக்க, எவர்சில்வர் கம்பியில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு, யாரோ இப்போதுதான் பிடித்திருந்து கையை எடுத்த மாதிரி இளஞ்சூடு. மருமகள் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மாமியார் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். கணவன் தன் தங்கையை ரயிலேற்றிவிடப் போயிருக்கிறான்.

அந்தத் தங்கை, இவளுடைய நாத்தனார், பத்து நாள் லீவில் வந்து வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டாள். அம்மாவுக்குக் கால் தடுக்குமாம், மிதியடியெல்லாம் பரணுக்குப் போனது. படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட். ஆள் நடமாடினால் தானாக எரியும் விளக்குகள், நடைவழியில் மூன்று, குளியலறையில் ஒன்று. உட்கார்ந்து குளிக்க நாற்காலி, உட்கார்ந்தபடியே முகம் பார்க்கத் தாழ்த்தி மாட்டிய கண்ணாடி, திரும்பிய பக்கமெல்லாம் பிடித்துக்கொள்ளக் கம்பி.

"கம்பி மணிக்கட்டு உயரத்துல இருக்கணும் அண்ணி. அம்மா தூங்கறாங்க, எழுப்ப வேணாம். நீங்க ரெண்டு பேரும் ஒரே உயரம்தானே, கொஞ்சம் நில்லுங்க" என்று இவளைச் சுவரோரம் நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டாள். மாமியாருக்குக் கூன் விழுந்து நாலு விரற்கடை குறைந்து எத்தனையோ நாளாகிறது. விருந்தாளிக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? இவளும் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை.

அதற்குத்தான் எத்தனை பாராட்டு! போன் வந்தால் போதும், மாமியார் ஆரம்பித்துவிடுவாள், "என் பொண்ணு பத்தே நாள்ல வீட்டை என்னமா மாத்திட்டா தெரியுமா!" அப்படியானால் பதினோரு வருஷமாகக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனது யார், பக்கத்து வீட்டுக்காரியா? வயிறு பற்றி எரிந்தது இவளுக்கு. எனக்காக இந்த வீட்டில் யாராவது ஒரு ஆணி அடித்ததுண்டா?

நாத்தனார் ஏறிய கார் தெருமுனை திரும்பியதும் இவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டாள். குளியலறைக் கம்பியில் நான்கு திருகாணிகள். மூன்றைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கிழவி விழவேண்டும் என்றெல்லாம் இல்லை. கம்பி ஆடினால் போதும். 'என் பொண்ணு மாட்டினது ஆடுதே' என்று அந்த வாயாலேயே ஒரு தடவை கேட்க வேண்டும்.

அடுக்களைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். டிங். கம்பியில் மோதிரம் தட்டுகிற சத்தம். நடைவழியில் முதல் விளக்கு எரிந்தது. ஒரு கால் தரையில் இழுபடும் சத்தம், பிறகு மறுபடியும் டிங். இரண்டாவது விளக்கு.

ஐயோ, எழுந்துவிட்டாள்! குளியலறைக்குத்தான் போகிறாள்! அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் ஓடினாள். நடைவழியில் ஒருவரும் இல்லை. தைல வாசனை மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது. மாமியார் கழுத்துவரை போர்வையோடு கட்டிலில் படுத்திருந்தாள்.

"அத்தை, நீங்களா நடந்தீங்க?"

"நான் எங்க நடந்தேன்? நீதானே இவ்வளவு நேரமா கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சுப் போறே. காலுக்கு என்ன ஆச்சு? இழுத்து இழுத்து நடக்கறியே."

"நான் இல்ல அத்தை."

"உன் மோதிரச் சத்தம் எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷமா கேக்கறேன்."

மோதிரம் இவள் விரலில்தான் இருந்தது. வெளியே மூன்றாவது விளக்கு எரிந்தது. பிறகு குளியலறை விளக்கு.

திருகாணிகளை மாட்டிவிட வேண்டும். இப்போதே. முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி உள்ளே போனாள். நாற்காலி காலி. கம்பியில் ஈரமாக ஒரு கைத்தடம், மோதிர விரல் மட்டும் கோணலாக. கதவிடுக்கில் நசுங்கிய இவளுடைய விரலும் அப்படித்தான் கோணல். தடத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். அச்சு அசலாகப் பொருந்தியது. மாமியாருக்குச் சரிப்படாத உயரம். இவளுக்கு அளவெடுத்த உயரம்.

திருகாணி ஒன்று நழுவி நாற்காலிக்கடியில் உருண்டது. அசையாமல் நின்றாள். ஆள் அசைவில்லாததால் விளக்கு அணைந்தது.

மறுபடி எரிந்தது.

இவள் அசையவில்லை.

தாழ்ந்த கண்ணாடியில் நாற்காலி காலியாக இல்லை. நரைத்துக் கொட்டிய தலை. பல் இல்லாத வாய். மெலிந்த கோணல் விரலில் கழலாமல் இருக்க நூல் சுற்றிய மோதிரம். இவளுடைய மோதிரம். இவளுடைய முகம். அந்தக் கண்கள் இவளுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தன, பிறத்தியார் சொத்தைப் பார்க்கிற மாதிரி. அப்படிப் பொறாமைப்பட இவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேண்டாம், அதைப் பிடிக்காதே என்று கத்தினாள். சத்தம் வரவில்லை.

கம்பியில் இருந்த இவள் கையின் மேல், ஈரமாக, ஐந்து விரல்கள் வந்து மூடின. கண்ணாடிக் கிழவி எழுந்திருப்பதற்காகத் தன் முழுப் பாரத்தையும் கம்பியில் போட்டாள். சுவரில் மிச்சமிருந்த ஒற்றைத் திருகாணி மெதுவாக வெளியே வரத் தொடங்கியது.