திங்கட்கிழமைப் பள்ளம்

தேவா ராகா நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். பாலியிலிருந்து ஜகார்த்தா வந்து சேர்ந்த களைப்பிலும் தலைக்கட்டு கலையவில்லை.

"எங்க குடும்பத்துல யாரும் பொய்க் கணக்கு எழுதினதில்ல, இபு," என்றார். "எம் பொண்ணு சுக்ரெனியைப் பொய்க்காரின்னுட்டாங்க. நாளைக்கு விசாரணை. வேலை போனா போகட்டும். பேரு போயிடுமே!"

அவர் 'இபு', அதாவது அம்மா, என்று அழைத்த மரியம் லூபிஸ், மின்துறைத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர். சிக்கல் என்றால் இன்னமும் அவரைத்தான் தேடி வருவார்கள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க? உங்க பொண்ணு செஞ்சிருப்பாங்களா?"

"பேரு சுத்தமாகுற வரைக்கும் வீட்டுப் பக்கம் வராதேன்னு சொல்லிட்டேன்."

"நான் அதைக் கேக்கலயே," என்றார் மரியம். தேவா ராகா ஜன்னலைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். நாட்டின் நீண்டகால மின் திட்டத்தைத் தயாரிக்கும் பிரிவுக்கு, பாலித் தீவின் ஓராண்டு மின்தேவையைச் சுக்ரெனி அனுப்பியிருந்தாள். அதை வைத்துத் தீவின் வடகரைக்கு ஒரு புதிய நிலக்கரி மின்நிலையம் திட்டத்தில் ஏறியது. பிறகு மீட்டர்களோடு ஒப்பிட்டபோது, தேவை வெகுவாக ஏற்றிக் காட்டப்பட்டது தெரிந்தது. தான் அனுப்பியது வேறு என்றாள் சுக்ரெனி. யாரும் நம்பவில்லை. அவளைத் தவிர அந்தக் கோப்பைத் திறக்கக்கூடியவர்கள் இரண்டே பேர்: பிரிவின் தலைவர் ஹெந்தார்தோ, இளம் பொறியாளர் கொர்னெலியுஸ்.

அன்று பிற்பகலே மரியம் அந்த அலுவலகத்துக்குப் போனார். உதவியாளன் தோகார் முன்னால் ஓடினான். தேவா ராகா பின்னால் நடந்தார்.

சுவரில் அந்தக் கோப்பின் மின்தேவை வரைபடம் தொங்கியது. ஆண்டு முழுவதுக்குமான ஒரே கோடு. மார்ச் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமையில் கிணறு போல ஒரு குறுகிய பள்ளம். மாதக் கடைசியில், லெபாரான் என்னும் ரம்ஜான் பெருநாளுக்கு எல்லோரும் ஊர் போகும் வாரத்தில், அகலமாக ஒரு பள்ளம்.

"நிலக்கரிக்காரங்க எவ்வளவு குடுத்தாங்க, தம்பி?" என்று தோகார் எடுத்த எடுப்பிலேயே கொர்னெலியுஸை மடக்கினான்.

"குடுத்திருந்தா நல்ல ஹோட்டலுக்கே போயிருப்பேனே! லெபாரான் லீவு விட்டதும் தேன்நிலவுக்குப் பாலி போனேன். இறங்கின மறுநாளே நியெப்பி, பாலிக்காரங்க மௌன நாள். வெளிய காலை வைக்கக் கூடாது, விளக்கு போடக் கூடாது. ஒரே ரூம். கூட மாமியார் வேற!"

ஹெந்தார்தோகூடச் சிரித்துவிட்டார். மரியம் மட்டும் வரைபடத்தின் அருகே போனார்.

"பாக் ராகா, இந்த வருஷம் நியெப்பி என்னிக்கு?"

"லெபாரானுக்கு முன்னாடி வந்த சனிக்கிழமை. அமாவாசைக்கு மறுநாள்."

"அப்ப இந்தத் திங்கட்கிழமை?"

தேவா ராகா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "அது பௌர்ணமியை ஒட்டின நாளாச்சே! அன்னிக்கு எங்க ஊர்ல எல்லா வீட்லயும் விளக்கு எரிஞ்சுது."

"பாலி முழுக்க ஒரே நாள் இப்படி அணையறது நியெப்பிக்கு மட்டும்தான்," என்றார் மரியம். "போன வருஷம் அது இந்தத் திங்கட்கிழமை வந்துது. யாரோ போன வருஷக் கோட்டை எடுத்து, உயர்த்திப் போட்டிருக்காங்க. லெபாரானை மறக்காம இந்த வருஷத் தேதிக்கு நகர்த்தினாங்க, ஏன்னா அது அவங்க பண்டிகை. நியெப்பி இந்தத் தடவை சனிக்கிழமையில விழுந்ததால, ஜகார்த்தாவுல யாருக்கும் அது லீவாவே தெரியல."

"அப்ப சுக்ரெனி..." என்று தோகார் துள்ளினான்.

"பாலிப் பொண்ணு நியெப்பியைத் தப்பான நாள்ல வைப்பாளா? கொர்னெலியுஸும் அந்த நாளை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்."

யாரும் ஹெந்தார்தோவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரே கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"காசுக்காக இல்ல, இபு. கிழக்குத் தீவு ஒண்ணுல மேனேஜரா இருந்தேன். திட்டம் போட்டவங்க தேவையைக் குறைச்சுப் போட்டாங்க. ரெண்டு வருஷம் மின்வெட்டு. ஆஸ்பத்திரியில டார்ச் அடிச்சுப் பிரசவம் பாத்தாங்க. கல்லெடுத்து வந்த ஜனங்க முன்னாடி நின்னவன் நான். பாலிக்கும் அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான்..."

"எம் பொண்ணு மேல பழி விழுந்தப்ப?"

"பயந்துட்டேன், பாக் ராகா."

வழியெல்லாம் கோத்து வைத்திருந்த கடுஞ்சொற்கள் தேவா ராகாவின் நாக்கு நுனியில் நின்றன. மேசைமேல் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார்.

"நாளைக்கு அந்தச் சபையில, எல்லார் முன்னாடியும் உங்க வாயால சொல்லணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்," என்றார். பிறகு சற்றுத் தணிந்து, "அந்த ஒரு நாள் இருட்டு நாங்களா கேட்டு வாங்கிக்கிறது. மத்த நாளைக்கு எவ்வளவு வெளிச்சம் வேணும்னு எம் பொண்ணு சரியாத்தான் சொல்லியிருந்தா."

ஹெந்தார்தோ தலையசைத்தார்.

விசாரணை முடியும்வரை அலுவலகத்துக்குள் விடாததால், சுக்ரெனி வெளியே பக்ஸோ சூப்பு வண்டி பக்கத்தில் நின்றிருந்தாள். அப்பாவைக் கண்டதும் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சுத்தமாயிடுச்சா, அஜி? நம்ம பேரு?"

"உன் பேரு அழுக்காகவே இல்ல," என்றார் தேவா ராகா. "நீ செஞ்சிருப்பியான்னு அந்த அம்மா காலையில கேட்டாங்க. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அழுக்கு அங்கதான் இருக்கு."

அவள் வண்டிக்காரனிடம் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கி அவரிடம் நீட்டினாள். தெருவில் நின்றபடி சாப்பிட்டே அறியாத தேவா ராகா, அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.