வரைபடத்தில் இல்லாத குழி

வரைபடத்தில் அந்தக் குழி இல்லை.

மரச்சுவரை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தவளின் விரல்கள் அதற்குள் வழுக்கி இறங்கின. வீட்டுச் சுவர்களைத் தனித்தனியாகச் செய்து லாரியில் அனுப்பும் பட்டறை அது. மழையில் ஊறிய மரத்தூளின் புளித்த வாசனையும், கம்பிக்கூண்டுக்குள் திரும்பித் திரும்பி வேலை செய்யும் ரோபோக் கையின் தணிந்த முனகலும், சாயங்கால இருட்டோடு சேர்ந்து அவள் கழுத்தில் வந்து ஒட்டின. கோணல் கட்டையைக்கூட அந்தக் கை வீணாக்காது. கூண்டுக்குள் இருக்கும் மேசையில் எதை வைத்தாலும் மேலிருந்து நீல வெளிச்சத்தால் தடவி அளந்து, பக்கத்தில் நிறுத்திய சுவரில் அதற்கென்று ஓர் இடம் குடைந்து, உள்ளே பொருத்தி, பலகையால் மூடிவிடும்.

இதற்குள் எந்தக் கட்டை வரும்? உருண்டையாக ஒரு பள்ளம். கீழே கழுத்துபோல ஒடுக்கம். பிறகு தோள்களின் அகலம். மடங்கிய முழங்கால்.

அண்ணன் அப்படித்தான் படுப்பான். தன் வேலை ஓய்ந்தால் அந்த மேசைதான் அவனுக்குக் கட்டில். கூண்டுக் கதவைத் திறந்தால் எந்திரம் நின்றுவிட வேண்டும். அடிக்கடி நின்று உயிரை வாங்குகிறதென்று, கதவு மூடியே இருப்பதாக அதை நம்பவைக்க, சென்சாரில் ஒரு காந்தத்தை ஒட்டிவைத்தவனும் அவனேதான்.

"அண்ணே, இங்க வந்து பாரேன். இது உன் அளவுல இருக்கு."

மேசையில் படுத்தபடியே சிரித்தான். "வீடு கட்டித் தர்றேன்னு அப்பா சொன்னாரு, செய்யல. இதாவது செய்யுதே!"

"விளையாடாத. எந்திரி. எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கு உன் நிழலப் பாத்தாலே பயம், கழுத. போய் வெளி லைட்டப் போடு, வர்றேன்."

சுவிட்ச் முற்றத்தின் மறுகோடியில் இருந்தது. மழையில் ஓடினாள். போட்டாள். திரும்பினாள்.

முனகல் இல்லை.

மேசை காலி. அடியில் ஒற்றைச் செருப்பு.

சுவர் மூடியிருந்தது. புதுப் பலகை. வரிசையாக ஆணிகள்.

சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். நிறுத்துவதற்கு அங்கே எதுவும் ஓடவில்லை. பலகையை நகத்தால் பிறாண்டினாள். அசையவில்லை.

"அண்ணே..."

ஒரு கையை உயர்த்தி, பலகையில் விரித்து வைத்து, காதை அழுத்தினாள்.

உள்ளே மூச்சு. நீண்ட இடைவெளி. இன்னொரு மூச்சு.

பிறகு இல்லை.

அவள் முதுகில் நீல வெளிச்சம் மெல்ல ஊர்ந்தது.

முனகல் தொடங்கியது. அடுத்த சுவரைக் கை குடைய ஆரம்பித்திருந்தது. மரத்தூள் உதிர உதிர உருவம் தெளிந்தது. சாய்ந்த தலை. தொங்கும் பின்னல். உயர்த்தி விரித்த ஒரு கை.